கூடலூர் திரையும் ஊட்டி திரையும் ஒன்றையே சொல்ல வேண்டும்

நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் கொட்டித் தீர்க்கும். அது ஓய்ந்து அக்டோபர் பிறந்தால் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி பக்கம் பிடித்துக்கொள்ளும். மலைமேல் இணையம் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம், வருஷத்தில் பாதி மாதங்கள் மலையின் ஏதாவது ஒரு பக்கம் மற்ற பக்கத்தோடு பேச முடியாமல் போகலாம் என்பது. கற்பூர மரம் சாய்ந்து கேபிளையும் இழுத்துக்கொண்டு விழும், சாலையோரம் மண் சரிந்து ஃபைபரைப் புதைக்கும், அந்த மண்ணை அள்ள வரும் ஜேசிபி மிச்சமிருப்பதை வெட்டிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அந்த மாதிரி நாளில் எந்த லிங்க் எங்கே போனது என்று ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்லிவிட முடியாது.

அதனால்தான் எங்கள் நெட்வொர்க்கில் ஒன்றுக்கு மூன்றாக, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் என்எம்எஸ் மெஷின் வைத்திருக்கிறோம்: ஊட்டியில் ஒன்று, குன்னூரில் ஒன்று, கூடலூரில் ஒன்று. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வைப்பது எப்படி என்பதைத்தான் எழுதப்போகிறேன். சின்ன ஆபரேட்டர்கள் நிறைய பேர் மலையிலும் சமவெளியிலும் இரண்டாவது மெஷினை வாங்கி வைத்துவிட்டு அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது.

என்எம்எஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டவரில் இருக்கும் ரேடியோ, வீடுகளுக்குப் போகும் ஃபைபர் தொடங்கும் ஓஎல்டி, ஸ்விட்ச், ரௌட்டர், யூபிஎஸ் என்று நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் நிமிஷத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, இருக்கிறாயா, எவ்வளவு டிராஃபிக் போகிறது, பேட்டரி எவ்வளவு, சூடு எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டே இருக்கும் மெஷின். பேசுகிற மொழி பெரும்பாலும் எஸ்என்எம்பி, 1988 முதல் புழக்கத்தில் இருப்பது. பெட்டியின் 161-வது போர்ட்டில் மெஷின் போய்க் கேட்கும். அவசரம் என்றால் பெட்டியே மெஷினின் 162-வது போர்ட்டுக்கு டிராப் என்ற எச்சரிக்கைச் செய்தி அனுப்பும். ஊட்டியில் மட்டும் மெஷின் இருந்த காலத்தில் நடுவட்டத்தில் ஃபைபர் கட் ஆனால் அதற்கு அப்பால் இருக்கும் எல்லாமே திரையில் சிவப்பாகிவிடும். கூடலூரில் பெட்டிகள் ஓடுகின்றனவா, டவர் பேட்டரி இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும், ஊருக்குள் தனியாக இன்னொரு கட் இருக்கிறதா, எதுவும் தெரியாது. எப்போது தெரிந்தே ஆக வேண்டுமோ சரியாக அப்போது தெரியாது. கூடலூரிலேயே ஒரு மெஷின் இருந்தால் லிங்க் போனாலும் அது தன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

சரி, வைத்தாயிற்று. அப்புறம்?

ஒரு ராத்திரி நடுவட்டம் டவரில் மின் வேலை. முன்கூட்டியே சொல்லி, நேரம் குறித்து, ஊட்டி மெஷினில் மெயின்டனன்ஸ் என்று பதிவும் செய்தாயிற்று. ஊட்டித் திரையில் அந்த டவர் நீல நிறத்தில் அமைதியாக இருந்தது. கூடலூர் மெஷினுக்கு அந்தப் பதிவு போய்ச் சேரவில்லை. அதன் கண்ணில் டவர் செத்துவிட்டது, உடனே டியூட்டியில் இருந்த தம்பிக்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டது. அவன் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, யானை எந்த வளைவில் நிற்கும் என்று சொல்ல முடியாத அந்தக் காட் ரோட்டில், மழையில் பைக்கில் ஏறி மேலே வந்து சேர்ந்தான். அங்கிருந்து போன் செய்தான். "அண்ணா, இங்க ஆளுங்க இருக்காங்க. அவங்கதான் ஆஃப் பண்ணி வேலை பாக்குறாங்களாம். ஊட்டிக்குச் சொல்லிட்டோம்ங்கிறாங்க." அவனுக்குக் கோபம் வரவில்லை. ஒரு கேள்விதான் கேட்டான்: "இனிமே எதை நம்பிண்ணா கிளம்புறது?"

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது என்று நான் நினைக்கிறேன். இரண்டு திரை இரண்டு விதமாகச் சொன்னால் ஆட்கள் கொஞ்ச நாளில் இரண்டையும் நம்புவதை விட்டுவிடுவார்கள். அலாரம் வரும், போன் போட்டு "நிஜமாவா?" என்று கேட்பார்கள், போன் எடுக்கவில்லை என்றால் படுத்துவிடுவார்கள்.

முதலில் யாருக்கும் தோன்றுவது, ஊட்டி மெஷினில் இருப்பதையெல்லாம் ராத்திரி ஒரு முறை மற்ற இரண்டுக்கும் நகல் எடுத்துவிடலாம் என்பதுதான். ஆர்சிங்க் இருக்கிறது, 1996-லிருந்து உலகமே பயன்படுத்துகிற கருவி, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும், மெதுவான லிங்க்கிலும் நன்றாக ஓடும். ஆனால் கூடலூர் இரண்டு நாள் துண்டாகிக் கிடந்தபோது அங்கே இருந்தவர்கள் தங்கள் மெஷினில் பதிந்தது என்ன ஆகும்? எந்த அலாரத்தை யார் பார்த்தார்கள், எந்த ஜாயின்ட்டை எங்கே போட்டார்கள், எந்த ஸ்விட்ச்சை மாற்றினார்கள் என்பதெல்லாம் லிங்க் வந்த அன்று ராத்திரியே ஊட்டி நகலின் கீழே அழிந்துபோகும். அந்த இரண்டு நாளில் அதிகம் தெரிந்துகொண்டது கூடலூர். அழிக்கப்படுவதும் கூடலூர் எழுதியது.

ஆகவே எதை எங்கே நகல் எடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொந்தக்காரர் என்று முடிவுசெய்ய வேண்டும். இதை வெள்ளைப் பலகையில் எழுதி உட்கார்ந்து பேசினோம், நிறையச் சண்டையும் வந்தது. வந்தது நல்லதுக்குத்தான், ஏனென்றால் அதுவரை ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு சொந்தக்காரர் இருந்திருக்கிறார்.

பெட்டிகளின் பட்டியல், ஐபி முகவரிகள், எந்த அளவைத் தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும் என்ற எல்லைகள், மேப், மெயின்டனன்ஸ் நேரங்கள் ஆகியவற்றுக்கெல்லாம் ஊட்டிதான் சொந்தக்காரர். இவை எல்லாவற்றையும் டெக்ஸ்ட் ஃபைல்களாக, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் போட்டுவிட்டோம். மூன்று மெஷினும் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை இழுத்துக்கொள்ளும். கிட் 2005-ல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக உருவானது, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்வதற்கென்றே கட்டப்பட்டது, அதனால் அடிக்கடி துண்டாகும் மலைக்கு அது அப்படியே பொருந்துகிறது. கூடலூர் துண்டாக இருக்கும்போது அவசரமாக ஒரு பெட்டியைச் சேர்க்க வேண்டுமென்றால் அங்கேயே சேர்த்து கமிட் செய்யலாம், அதாவது பதிந்துவிடலாம், லிங்க் வந்ததும் ஊட்டியில் ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் பொதுப் பட்டியலோடு மெர்ஜ் செய்வார். பாஸ்வேர்டும், எஸ்என்எம்பியில் பாஸ்வேர்டு போல வேலை செய்யும் கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கும் மட்டும் இதில் திறந்த எழுத்தாகப் போகக் கூடாது, என்கிரிப்ட் செய்துதான் போக வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் லாகின் ஊட்டியில் நீக்கப்பட்டு குன்னூரில் அப்படியே இருப்பது நிறைய இடங்களில் நடக்கிற விஷயம், ஆட்கள் பட்டியலும் இதே வழியில் போனால் அந்தப் பயம் இல்லை.

எல்லைகள் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். டவரில் 48 வோல்ட் பேட்டரி. 46-க்குக் கீழே போனால் அலாரம் என்று ஊட்டியில் இருக்கிறது, கூடலூரில் பழைய ஃபைலில் 44 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே டவரைப் பார்த்து ஊட்டியில் இருப்பவர் ஜெனரேட்டரை ஜீப்பில் ஏற்றச் சொல்வார், கூடலூரில் இருப்பவர் இன்னும் நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருமே தங்கள் திரை சொன்னபடிதான் நடந்துகொள்கிறார்கள்.

எம்ஐபி ஃபைல்களும் இதே பட்டியலில் சேர்த்தி. எண்களுக்குப் பெயர் கொடுப்பவை அவை. குன்னூர் மெஷினில் புது எம்ஐபி இருந்தால் 'பேட்டரி குறைவு' என்று வருகிற டிராப், ஃபைல் இல்லாத மெஷினில் 1.3.6.1.4.1 என்று ஆரம்பிக்கும் நீளமான எண் வரிசையாக வந்து நிற்கும், ராத்திரி டியூட்டியில் இருப்பவர் அதை ஏதோ குப்பை என்று தள்ளிவிடுவார். சாஃப்ட்வேர் வெர்ஷனும் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது அளவீடுகள். டிராஃபிக், சிக்னல், சூடு இவற்றுக்கெல்லாம் அளந்த மெஷின்தான் சொந்தக்காரர். மூன்று மெஷினும் எல்லாப் பெட்டியையும் கேட்டுக்கொண்டிருந்தால் டவரில் இருக்கும் சின்ன ரேடியோவின் சிபியூவுக்கு மூன்று மடங்கு வேலை, மெல்லிய லிங்க்கில் மூன்று மடங்கு கேள்விகள். அதனால் கூடலூர்ப் பக்கத்தைக் கூடலூர் அளக்கும், குன்னூர்ப் பக்கத்தைக் குன்னூர் அளக்கும், அளந்ததை மற்றவற்றுக்கு அனுப்பும். ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேரைப் பயன்படுத்துபவர்கள் இதற்கு பிராக்ஸி என்ற துணைப் பகுதியை வைப்பார்கள், லிங்க் போனால் அது தன்னிடமே சேர்த்து வைத்துக்கொண்டு வந்ததும் அனுப்பும். இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். சேர்த்து வைக்கும் நேரம் மாற்றாமல் விட்டால் ஒரு மணி நேரம்தான். மலையில் எந்த ஃபைபர் கட்டும் ஒரு மணி நேரத்தில் சரியாவதில்லை, மண் சரிந்த இடத்துக்குப் போய்ச் சேரவே அதற்கு மேல் ஆகும். 720 மணி நேரம் வரை கூட்ட முடியும், டிஸ்க் இருந்தால் தாராளமாகக் கூட்டிவிடுங்கள்.

சில முக்கியமான பெட்டிகளை மட்டும் இரண்டு மெஷின்கள் பார்க்கும். அங்கே இரண்டு கிராஃபும் சரிசமமாக வராது, அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக வந்த பையன்கள் சிங்க், அதாவது ஒத்திசைவு, போய்விட்டது என்று பதறுவார்கள். ஊட்டி நிமிஷத்தின் பத்தாவது வினாடியில் கேட்கிறது, குன்னூர் நாற்பதாவது வினாடியில் கேட்கிறது. போன டிராஃபிக்கை எண்ணிக்கொண்டே போகும் கவுன்ட்டரின் இரண்டு வெவ்வேறு கணங்களைப் பார்த்துச் சராசரி எடுக்கிறார்கள், எப்படி ஒன்றாக வரும்? வேறு ஒரு நிஜமான கோளாறும் இங்கே உண்டு. பழைய 32 பிட் கவுன்ட்டர் ஒரு ஜிகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் 34 வினாடியில் நிரம்பி மறுபடி சைபரிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஒரு மெஷின் 64 பிட் கவுன்ட்டரையும் இன்னொன்று 32 பிட்டையும் படித்தால் ஒன்று உண்மையைச் சொல்லும், இன்னொன்று டிராஃபிக்கை நிஜத்தைவிடக் குறைத்துக் காட்டும். அந்த வித்தியாசத்தை விடக் கூடாது. சும்மா இரண்டு சதவிகிதம் மேலே கீழே இருப்பதை விட்டுவிடலாம். தோட்டத்தில் எடை போட்ட பச்சைத் தேயிலை ஃபேக்டரியில் மறுபடி எடை போடும்போது கொஞ்சம் மாறும், இரண்டு எடையையும் எழுதி வைப்பார்களே தவிர ஒன்றை அழித்து மற்றதை எழுதமாட்டார்கள். கிராஃபும் அப்படித்தான், இரண்டும் இருக்கட்டும், எது எந்த மெஷின் அளந்தது என்று மட்டும் பெயர் போட்டிருக்கட்டும்.

இப்போது நேரம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், ஏனென்றால் மற்ற எல்லா ஒத்திசைவும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஒரு நாள் முழுக்க கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, கூடலூர் மெஷின் அணைந்து மறுபடி எழுந்தது. அதன் மதர்போர்டில் இருந்த பொத்தான் பேட்டரி எப்போதோ செத்துவிட்டிருக்கிறது. லிங்க்கும் இல்லாததால் வெளியே யாரிடமும் மணி கேட்க முடியவில்லை. ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து அது பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டது. அது பார்த்த அலாரம் எல்லாம் அந்தப் பழைய தேதியில் பதிவானது. லிங்க் வந்ததும் மற்ற இரண்டோடு சேர்ந்தபோது, 'லிங்க் அப்' முதலிலும் 'லிங்க் டவுன்' கடைசியிலும் வந்து உட்கார்ந்தது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லிங்க் திரையில் செத்துக் கிடந்தது. எது கடைசியில் எழுதப்பட்டதோ அதுவே ஜெயிக்கும் என்ற விதியில் நிறைய சாஃப்ட்வேர் ஓடுகிறது. கடிகாரம் தப்பானால் அந்த விதி தப்பான ஆளை ஜெயிக்க வைக்கும்.

இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த பேட்டரியை மழைக்கு முன்னால் மாற்றுவது இப்போது எங்கள் வேலைப் பட்டியலில் இருக்கிறது. அதோடு மூன்று இடத்திலும் மாடியில் ஒரு ஜிபிஎஸ் ரிசீவர். நெட்வொர்க் வழியே மணியை ஒத்துப்போக வைக்கும் என்டிபி, 1985-ல் டேவிட் மில்ஸ் எழுதிவைத்த நெறிமுறை, இன்று வரை உலகத்தின் மணியை அதுதான் சரியாக வைத்திருக்கிறது. ஆனால் அது ஓட நெட்வொர்க் வேண்டும், எங்களுக்கு மணி அதிகம் தேவைப்படுவதோ நெட்வொர்க் இல்லாதபோது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ரிசீவர் இருந்தால் கூடலூர் துண்டானாலும் மணி பிசகாது, மேகமூட்டம் அதை ஒன்றும் செய்யாது. லிங்க் இருக்கும்போது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரோடும் ஒப்பிட்டுக்கொள்கிறோம். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட, இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவும் தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது அதே இயற்பியல் ஆய்வகத்தின் (என்பிஎல்) சர்வரோடு கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. உத்தரவு இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலைதான் இது.

மணியைச் சரியாக வைக்கும் குரோனி சாஃப்ட்வேர் போட்டிருப்பவர்கள் கான்ஃபிக்கில் 'மேக்ஸ்டெப்' வரியைப் பாருங்கள். மெஷின் எழுந்ததும் முதல் சில முறை மட்டும் கடிகாரம் ஒரேயடியாகத் தாவலாம், அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் நகர வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் மணி பின்னால் தாவினால் ஒரே நிமிஷம் இரண்டு முறை வரும், அளவீடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். அப்புறம் சேமிப்பது எல்லாமே யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும், திரையில் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளட்டும். பழைய ஸ்விட்ச்சுகள் அனுப்பும் சிஸ்லாக் என்ற பதிவு வரியில் வருஷமும் இருக்காது, எந்த நேர மண்டலம் என்றும் இருக்காது. பெட்டி இந்திய நேரத்தில் அனுப்ப, மெஷின் அதை யூடிசி என்று எடுத்துக்கொண்டால் மத்தியானம் இரண்டு மணிக்குப் போன லிங்க் சாயங்காலம் ஏழரைக்குப் போனதாகப் பதிவாகும். 2009-ல் வந்த புது சிஸ்லாக் வடிவம் இதைச் சரிசெய்கிறது, பெட்டி அனுமதித்தால் மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது மனிதர்கள் சொல்வதை ஒத்துப்போக வைப்பது. 'நான் பார்த்துவிட்டேன்', 'கிளம்பிவிட்டேன்', 'பைக்காரா பக்கம் மரம் விழுந்திருக்கிறது, ஃபயர் சர்வீஸ் வந்தால்தான் போக முடியும்', 'தற்காலிகமாக ரேடியோவில் ஓட்டியிருக்கிறேன்' என்றெல்லாம் எழுதுகிறார்களே, அது. அளவீட்டை மறுபடி அளக்கலாம், பட்டியலை மறுபடி எழுதலாம், மழையில் நனைந்துகொண்டு நின்றவன் அந்த இடத்தில் பார்த்து எழுதியதை மறுபடி வாங்க முடியாது.

துண்டாகி இருக்கும்போது ஒரே அலாரத்தை ஊட்டியில் ஒருவர் மூடுகிறார், கூடலூரில் ஒருவர் இன்னும் சரியாகவில்லை என்று திறந்து வைக்கிறார். சேரும்போது எது சரி? ஒன்றை வைத்து ஒன்றை அழித்தால் எதை வைத்தாலும் ஒருவர் சொன்னது தொலையும். அதனால் அலாரத்தின் நிலையை ஒரே கட்டத்தில் எழுதி எழுதி அழிப்பதை விட்டுவிட்டோம். ஒவ்வொருவர் சொன்னதும் ஒரு தனி வரி, எந்த மெஷினில் எழுதப்பட்டது, அந்த மெஷினின் எத்தனையாவது வரி, யார், எப்போது என்பதோடு. எழுதிய வரியைத் திருத்த முடியாது, கீழே இன்னொரு வரி சேர்க்கலாம். மெஷின்கள் சேரும்போது என்னிடம் இல்லாத வரியை நீ கொடு, உன்னிடம் இல்லாததை நான் தருகிறேன் என்று மாற்றிக்கொண்டால் போதும், மூன்றிலும் ஒரே குவியல் வந்துவிடும். இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்லியிருந்தால் அலாரம் திறந்தே இருக்கும், பக்கத்தில் மஞ்சள் குறி வரும், ஒருவர் போன் செய்து கேட்டு முடிப்பார். மெஷின் முடிவுசெய்யாது.

கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் எழுதிய கட்டுரையில் இதன் அடிப்படை இருக்கிறது: பல மெஷின்களில் எது முன்னால் எது பின்னால் நடந்தது என்று தெரிந்துகொள்ள எப்போதும் சுவர்க் கடிகாரம் தேவையில்லை, ஒவ்வொன்றும் ஒரு எண்ணை ஏற்றிக்கொண்டே போய், செய்தி அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்பினால், வாங்கியவர் அதைவிடப் பெரிய எண்ணிலிருந்து தொடர்ந்தால், காரணம் எப்போதும் விளைவுக்கு முன்னால் நிற்கும். நான் பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்ட ஒரு யோசனை இந்த மலையில் ஒரு தம்பியின் குறிப்பைத் தொலையாமல் வைத்திருக்கிறது என்பது எனக்கு நிஜமாகவே பெரிய விஷயமாகப் படுகிறது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் அதை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

டேட்டாபேஸில் இதைச் செய்யும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும், வரி எண் மோதல். மூன்று மெஷினும் அடுத்த வரிக்கு 501 என்று எண் கொடுத்துவிட்டால் சேரும்போது இடிக்கும். மரியாடிபி, மைஎஸ்கியூஎல் இரண்டிலும் இதற்கு எளிய வழி இருக்கிறது: எண் மூன்று மூன்றாகத் தாவட்டும், ஊட்டி 1, 4, 7 என்று போகட்டும், குன்னூர் 2, 5, 8, கூடலூர் 3, 6, 9. இரண்டு செட்டிங்தான், வாழ்நாள் முழுக்க மோதாது.

புது மெஷினைத் தயார்செய்ய பழைய மெஷினின் டிஸ்க்கை அப்படியே க்ளோன் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஒத்துப்போகவே கூடாத சில விஷயங்களும் உண்டு. ஹோஸ்ட் நேம், எஸ்எஸ்எச் சாவி, எஸ்என்எம்பி வெர்ஷன் மூன்றின் என்ஜின் ஐடி, மைஎஸ்கியூஎல் சர்வரின் யூயூஐடி இவை ஒவ்வொரு மெஷினுக்கும் தனி அடையாளம். யூயூஐடி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் ரெப்ளிகேஷன், அதாவது ஒரு டேட்டாபேஸை இன்னொன்றில் தொடர்ந்து நகல் எடுப்பது, தொடங்கவே மறுக்கும், அந்த எரர் செய்தி தெளிவாக இருக்கும், பரவாயில்லை. என்ஜின் ஐடி ஒன்றாக இருந்தால் அப்படி வெளிப்படையாக எதுவும் சொல்லாது, சில செய்திகள் மட்டும் ஏற்கப்படும், சில ஏற்கப்படாது, காரணம் தேடி மண்டை காயும்.

துண்டான பிறகு யார் தலைமை என்பதும் முன்கூட்டியே தீர்மானமாக இருக்க வேண்டும். 2018 அக்டோபர் 21 அன்று கிட் ஃபைல்களைச் சேமித்து வைத்துத் தரும் கிட்ஹப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். ஆப்டிக்கல் கருவி ஒன்றை மாற்றும்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இணைப்பு 43 வினாடி போனது. அதற்குள் மேற்குக் கரையில் இருந்த டேட்டாபேஸ் தலைமை ஏற்று எழுத ஆரம்பித்துவிட்டது, கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில வரிகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத எழுத்து. அதனால் 24 மணி நேரமும் 11 நிமிஷமும் சேவை தடுமாறியது. அத்தனை பெரிய குழுவுக்கே 43 வினாடி இவ்வளவு செய்யும் என்றால் இரண்டு நாள் துண்டாகிக் கிடக்கும் மலையில் யோசிக்காமல் விடலாமா?

எங்கள் விதி சின்னது. மூன்றில் இரண்டு ஒன்றையொன்று பார்க்க முடிந்தால் அந்த இரண்டும் பொதுப் பட்டியலை மாற்றலாம், பொது எஸ்எம்எஸ் அனுப்பலாம். தனியாக மாட்டிக்கொண்டது தன் பக்கத்தை அளக்கும், தன் ஆட்களுக்கு மட்டும் தன் மோடமிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பும், குறிப்புகளை வாங்கிக்கொள்ளும், பொதுப் பட்டியலில் எதையும் தானாக மாற்றாது. தலைமை முதலில் ஊட்டிக்கு, ஊட்டி இல்லையென்றால் குன்னூருக்கு. இரண்டு மெஷின் மட்டும் வைத்திருந்தால் இந்த விதியே எழுத முடியாது, துண்டானதும் இரண்டும் 'நான்தான் தலைவர்' என்று சொல்லும். அதனால் இரண்டு ஊர் ஆபரேட்டராக இருந்தாலும் மூன்றாவதாக வாக்கு மட்டும் போடும் ஒரு சின்ன மெஷினை வேறு எங்காவது வையுங்கள்.

மெஷின்கள் தங்களுக்குள் பேசும் வழி நாம் கண்காணிக்கும் அதே ஃபைபரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஒவ்வொன்றிலும் வேறு கம்பெனியின் 4ஜி சிம் போட்ட சின்ன ரௌட்டர் ஒன்று இருக்கிறது. சிங்க்குக்குப் பெரிய வேகம் வேண்டாம், கிட்டும் குறிப்புகளும் சில கிலோபைட்தான். ஆனால் நீண்ட கரண்ட் கட்டில் மொபைல் டவரும் படுத்துவிடும், அதனால் இது கூடுதல் வழி என்ற அளவில்தான்.

சிங்க் இருக்கிறது, அதனால் பேக்கப் வேண்டாம் என்று நினைப்பவர்களிடம் நான் கடுமையாகவே பேசிவிடுவேன். ஒருவர் ஊட்டியில் தவறாக ஒரு டேபிளை அழித்தால் அந்த அழிப்பும் மூன்று மெஷினுக்கும் உடனே, ஒழுங்காக, முழுமையாகப் போய்ச் சேரும். ஆர்சிங்க்கில் டிலீட் ஆப்ஷன் போட்டிருந்து, மூல டிஸ்க் மவுன்ட் ஆகாமல், அதாவது மெஷினோடு இணையாமல், அந்த இடம் காலியாக இருந்தால், காலி ஃபோல்டரைப் பார்த்து அந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். தனி பேக்கப் வேண்டும், கூடவே வேண்டுமென்றே ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும் ரெப்ளிகா ஒன்றும் வேண்டும். மைஎஸ்கியூஎல்லிலும் மரியாடிபியிலும் அந்தத் தாமதத்தை ஒரு வரியில் குறிப்பிடலாம். அழித்தது தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய உலகம் அங்கே பத்திரமாக இருக்கும்.

ரெப்ளிகேஷன் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று டேட்டாபேஸே ஒரு எண் காட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம். லிங்க் திணறும்போது வந்து சேர்ந்ததையெல்லாம் எழுதி முடித்துவிட்டேன் என்ற அர்த்தத்தில் சைபர் காட்டும், வழியில் எவ்வளவு நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. வினாடிக்கு ஒரு முறை ஊட்டி மணியை ஒரு வரியில் எழுதுகிறது, மற்ற இரண்டும் அந்த வரி வந்து சேரும்போது தங்கள் மணியோடு கழித்துப் பார்க்கின்றன. இந்தக் கணக்கும் கடிகாரம் சரியாக இருந்தால்தான் செல்லும்.

எங்கள் மூன்று திரைகளின் வலது மேல் மூலையிலும் ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. கிட் கமிட்டின் முதல் ஏழு எழுத்து, ஜிபிஎஸ்ஸிலிருந்து கடிகாரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது, மற்ற இரண்டிலிருந்து எத்தனை வினாடி பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எல்லாம் சரி என்றால் பச்சை. நாங்கள் செய்ததிலேயே அதிகம் பயன்படுவது இதுதான். ராத்திரி கூடலூரிலிருந்து போன் வந்தால் முதல் பேச்சே "அண்ணா, உங்க மேல என்ன எழுத்து?" என்பதுதான். நான் ஏழு எழுத்தையும் படிப்பேன், அவன் தன் திரையைப் பார்த்து "ம், அதேதான்" என்பான். அப்புறம்தான் எந்த டவர், யார் கிளம்புவது என்ற பேச்சு. எழுத்து மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்கிறோம், அது வரை யாரும் பைக்கை எடுப்பதில்லை.

சீசன் முடிந்து மே கடைசியில் ஒரு முறை, வடகிழக்கு மழைக்கு முன்னால் செப்டம்பர் கடைசியில் ஒரு முறை, வேண்டுமென்றே துண்டித்துப் பார்க்கிறோம். வாடிக்கையாளர் லிங்க்கைத் தொடுவதில்லை, மெஷின்கள் ஒன்றோடொன்று பேசுவதை மட்டும் ஃபயர்வாலில் அடைக்கிறோம். அடைத்த நேரத்தில் இரண்டு பக்கமும் வேலை நடக்கும்: ஒரே அலாரத்தை எதிரெதிராக மூடித் திறப்பது, கூடலூரில் ஒரு டம்மி பெட்டியைச் சேர்ப்பது, குன்னூரில் குறிப்புகள் எழுதுவது, ஒரு மெஷினை ப்ளக்கைப் பிடுங்கி அணைத்து மறுபடி போடுவது. பிறகு திறந்துவிட்டு, எழுதிய ஒவ்வொரு வரியும் மூன்றிலும் இருக்கிறதா என்று பேப்பரில் டிக் போடுகிறோம். இதில் புதிதாக வந்தவர்களைத்தான் உட்கார வைப்பது, ஏனென்றால் ஜூலையில் ராத்திரி டியூட்டியில் இருக்கப்போவது அவர்கள்தான்.

இப்போது கோத்தகிரியிலும் ஒன்று வேண்டும் என்ற பேச்சு நடக்கிறது. வேண்டும்தான், அந்தப் பக்கம் வடகிழக்கு மழையில் தனியாக மாட்டிக்கொள்ளும் ஊர். ஆனால் நான்கு மெஷின் என்றால் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்து நிற்கும், எந்தப் பக்கத்துக்கும் பெரும்பான்மை இருக்காது. ஆகவே கோத்தகிரிக்கு வாக்கு இல்லாத பிராக்ஸிதான், தன் பக்கத்தை அளக்கும், சேர்த்து வைக்கும், குறிப்புகளை வாங்கும், வழி திறந்ததும் அனுப்பும். மாடியில் ஜிபிஎஸ், மதர்போர்டில் புது பேட்டரி, மூலையில் அதே பட்டை அங்கேயும் இருக்கும். செப்டம்பர் ஒத்திகைக்குள் வைத்துவிட வேண்டும் என்று பார்க்கிறோம்.